மாற்றுக் குறைவு

மேல்விஷாரத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வந்த
ஜைத்தூன் பீவி
கூட்டுறவு வங்கியின் நகைக்கடன் மேசைமேல்
ஆட்டுத்தோல் சுருளை அவிழ்த்தாள்.
ஒரு குவளை.
குவளைக்கு முகம் இருந்தது.
பருந்துக்குப் போகவேண்டிய மூக்கு,
அப்பள அகலத்தில் தோடு.
விளிம்பைச் சுற்றி அலைகள். அலைகளுக்கு மேல்
பதினொரு கடற்பறவைகள், எல்லாம் ஒரே பக்கம் பார்த்து,
ரேஷன் வரிசை போல.

"தம்பி கப்பலில் சமையல்.
பெரு தேசத்தில் ஏதோ துறைமுகத்தில் வாங்கினான்.
பழசா, பழசு மாதிரியா, அவனுக்கே தெரியாது.
கொலுசுக் கணக்கிலாவது போடுங்க."

இருபத்தொரு வருஷமாக இந்த ஊரின் கழுத்தையும் காலையும்
கல்லில் தேய்க்கிறவள் நான்.
கோடு இழுத்தேன். மீன்வயிறு போல விழுந்தது.
திராவகம் தொட்டேன். வெள்ளிதான் என்றது.
ஆனால் கை ஒப்பவில்லை.
இத்தனை உடம்புக்கு இந்த எடை போதாது.
சந்தேகம் வந்தால் அரம். அது விதி.
ஏழாவது பறவையின் தொண்டையில் வைத்து
ஒரு இழுப்பு.

உள்ளே ஈறு நிறம்.
செம்பு.

"முலாம்" என்றேன்.
இந்த மேசையில் அந்தச் சொல்லைத்
தணிந்த குரலில்தான் சொல்வது.
சிலர் அழுவார்கள், சிலர் மாமியாரைத் திட்டுவார்கள்.
ஜைத்தூன் தோலைச் சுற்றினாள், முடிச்சுப் போட்டாள்,
"அந்தக் கீறல் எதுக்கு, கடன் இல்லைன்னு சீலா?"
என்று கேட்டுவிட்டு
பதிலுக்கு நிற்காமல் லாங்கு பஜார் வெயிலில் இறங்கினாள்.

அன்று ராத்திரி கரண்ட் இல்லை.
சத்துவாச்சாரி மொட்டைமாடியில்
போன் வெளிச்சத்தில் தேடிக்கொண்டே போனேன்.
மழையே தெரியாத ஒரு கடற்கரை.
நம் பாலாறு போல மணலை மட்டும் ஓடவிட்ட ஆறுகள்.
சிமூ என்று ஒரு ஜனம், மண்சுவரில்
மீனும் பறவையுமாகச் செதுக்கிய நகரம்.
மலையிலிருந்து வந்து ஜெயித்தவன்
மற்ற கொள்ளையோடு
தட்டார்களையும் மலைமேல் கொண்டுபோனானாம்.

அவர்கள் செம்பையும் வெள்ளியையும்
ஒன்றாக உருக்கினார்கள்.
அடித்தார்கள், சுட்டார்கள், மறுபடி அடித்தார்கள்.
ஒவ்வொரு சூட்டிலும் மேலே வந்த செம்பு கறுத்தது.
கறுத்ததைப் புளித்த சாற்றிலோ
ஊறிய மூத்திரத்திலோ கழுவி எடுத்தார்கள்.
செம்பு தோற்றுத் தோற்று விலக
மிச்சமாய் நின்றது வெள்ளி.

யாரும் பூசவில்லை.
ஏற்கெனவே உள்ளே இருந்ததுதான்,
அடி தாங்கி, தோலுக்கு வந்திருக்கிறது.

முலாம் என்று சொல்லிவிட்டேனே.

எங்கள் படிவத்தில் ஒரே கட்டம்: மாற்று.
அதில் எண் மட்டும்தான் நிற்கும்.
வெள்ளி எங்கே இருக்கிறது, எப்படி வந்தது
என்பதற்கெல்லாம் இடம் விடவில்லை.
எண்ணைப் பார்த்தால் நான் சொன்னது சரி.
தலையணைக்குப் போன பிறகும்
அந்த ஏழாவது பறவை
வரிசையை விட்டு என் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது.

காலையில் படிவத்திலிருந்த நம்பருக்குப் போட்டேன்.
"அது முலாம் இல்லீங்க. நான் தப்பாச் சொல்லிட்டேன்."
"அப்போ கடன் தருவீங்களா?"
"அது... இல்லை. சதவீதம் வராது."
அந்தப் பக்கம் குக்கர் இரண்டு விசில் அடித்தது.
செம்பு கழன்ற கதையை ஆரம்பித்தேன்,
பாதியில் எனக்கே வெட்கமாகி நிறுத்தினேன்.

"இருக்கட்டும்" என்றாள்.
"பொண்ணோட நெயில் பாலிஷ் இருந்துச்சு, வெள்ளிக் கலர்.
அந்தக் கீறல்மேல ஒரு சொட்டு வெச்சுட்டேன்.
இப்போ பதினொண்ணும்
ஒண்ணுபோலத்தான் இருக்கு."